பிளகினா, மோடா? சர்வர் போடும் முன் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

போன கோடை விடுமுறையில் நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககப் பிள்ளைகள், அம்பத்தூரிலும் தாம்பரத்திலும் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் என்று 11 பேருக்கு ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் போட்டுக் கொடுத்தேன். மைன்கிராஃப்ட் என்பது சதுரக் கட்டைகளைத் தோண்டியும் அடுக்கியும் உலகம் கட்டும் கேம்; சர்வர் என்பது எல்லோரும் வந்து சேர்ந்து ஆடும் பொதுக் கணினி. பெரிய பிள்ளைகள் ஆசைப்பட்டதால் 150-க்கு மேல் மோட்கள் (கேமை மாற்றும் கூடுதல் நிரல்கள்) உள்ள ஒரு மோட்பேக்கை, அதாவது மோட் தொகுப்பை, ஏற்றினேன். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு எல்லோரும் உள்ளே வருவதாகப் பேச்சு. வந்தவர்கள் நாலு பேர். ஒருவனுக்கு ஜாவா பதிப்பு பொருந்தவில்லை. இருவருடைய லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான். கேம் திறக்கும்போதே ஹேங் ஆகிவிட்டது. ஒருத்தி மோட்பேக்கின் புதிய பதிப்பை இறக்கியிருந்தாள், சர்வரில் ஓடியது பழையது. தாம்பரத்தில் இருக்கும் என் சித்தி பையனுக்கு 10 வயது. அவனிடம் இருந்தது அம்மாவின் ஃபோன் மட்டும். மற்றவர்கள் ஆடுவதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டே இருந்தான். எட்டரை மணிக்கு, "அண்ணா, அப்போ நான் அடுத்த வாரம் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் வந்தாலும் அவனால் அந்த சர்வருக்குள் நுழைய முடியாது என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அதே சர்வரை வெவ்வேறு முறையில் கட்டிப் பார்த்தேன். எந்த லோடருக்கு (மோட்களைக் கேமில் ஏற்றும் மென்பொருள்) மோட் அதிகம், எது வேகம் என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். அதையும் பார்க்க வேண்டும்தான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. நிறுவுகிற வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. சர்வர் நடத்துகிற ஒருவர் தலையிலா, ஆட வருகிற ஒவ்வொருவர் தலையிலுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக அமைந்துவிடும்.

வேலை எல்லாம் சர்வரிலேயே: பேப்பர்

பேச்சில் மோட், பிளகின் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு. பிளகின் சர்வரில் மட்டும் உட்காரும். ஆட வருகிறவர் கடையில் வாங்கிய சாதா கேமைத் திறந்து, முகவரியைப் போட்டு, உள்ளே வந்துவிடலாம். புக்கிட், அதன் வழியில் வந்த ஸ்பிகாட், அதன் வழியில் வந்த பேப்பர் எல்லாம் பிளகினை ஏற்கும் இந்த வகை சர்வர் மென்பொருள்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பேப்பரைத்தான் சொல்வேன். 2024 டிசம்பரில் ஸ்பிகாட்டிலிருந்து முழுவதுமாகப் பிரிந்து தனி வழியில் போகப்போவதாகப் பேப்பர் அறிவித்தது. அதனால் பிளகினை இறக்கும்போது அதன் பக்கத்தில் பேப்பர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவுவது சுலபம். பிளகினின் ஜார் கோப்பை (ஜாவா நிரல் இருக்கும் கோப்பு) பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டு சர்வரை மறுபடி தொடங்கினால் போதும். யாருக்கு எந்த அனுமதி என்பதைப் பார்த்துக்கொள்ள லக்பெர்ம்ஸ், ஒரு பகுதியை யாரும் உடைக்காமல் பூட்டி வைக்க வேர்ல்ட்கார்ட். ஆனால் பிள்ளைகள் ஆடும் சர்வருக்கு ஒரே ஒரு பிளகின்தான் போட முடியும் என்றால் நான் கோர்ப்ரொடெக்ட்டைப் போடுவேன். எந்தக் கட்டையை யார், எப்போது வைத்தார்கள், உடைத்தார்கள் என்பதை எல்லாம் அது எழுதி வைத்துக்கொள்கிறது. ஒருவர் செய்ததை மட்டும், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், பின்னோக்கித் திருப்பவும் முடியும். "என் வீட்டை அவன்தான் உடைச்சான்" என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தபோது, அந்த இடத்தில் போய்ப் பார்த்தேன். உடைத்தது க்ரீப்பர், கேமில் கிட்டே வந்து வெடிக்கும் ஒரு பூதம். இரண்டு பிள்ளைகளும் அன்று மாலையே சேர்ந்து அதைத் திரும்பக் கட்டினார்கள். சர்வர் நடத்துவதில் பெரிய பங்கு இந்தப் பஞ்சாயத்துதான். அதற்குச் சாட்சி வேண்டும்.

பேப்பருக்கு எல்லையும் உண்டு. ஆடுபவர் கையில் இருப்பது சாதா கேம் என்பதால், அந்தக் கேமுக்குத் தெரியாத புதுக் கட்டையையோ புது விலங்கையோ சர்வரால் சேர்க்க முடியாது. ரிசோர்ஸ் பேக் (படம், ஒலிக் கோப்புகளின் தொகுப்பு) ஒன்றை சர்வரிலிருந்தே அனுப்பி, இருக்கிற பொருளுக்கே வேறு தோற்றம் கொடுத்துச் சமாளிக்கலாம். அதுவும் ஓரளவுக்குத்தான். பற்சக்கரம், நீராவி, ரயில் பாதை என்று ஒரு தொழிற்சாலையே கட்டும் கிரியேட் மாதிரியான மோட் வேண்டும் என்றால் பேப்பரில் அது நடக்காது. இன்னொரு விஷயமும் உண்டு. டிஎன்டி (வெடி), கார்பெட், தண்டவாளம் இவற்றைக் கேமின் பிழையை வைத்துப் பெருக்கும் பழைய ஓட்டைகளைப் பேப்பர் தானாகவே அடைத்து வைத்திருக்கும். ரெட்ஸ்டோனில் (கேமுக்குள் மின்கம்பி மாதிரி இயந்திரங்களை ஓட்டும் பொருள்) ஊறிய பிள்ளைகள் முதல் நாளே வந்து, "என் மெஷின் ஓடலை" என்பார்கள். அமைப்புக் கோப்பில் அதைத் திறந்துவிட வழி இருக்கிறது. திறப்பதா வேண்டாமா என்று பிள்ளைகளோடு முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஃபோன் விஷயத்துக்கு வருகிறேன். பேப்பர் பக்கம் நான் சாய்ந்ததற்கு முழுக் காரணம் கீசர் என்ற பிளகின். மைன்கிராஃப்டில் இரண்டு பதிப்புகள் உண்டு. கணினியில் ஓடும் ஜாவா பதிப்பு ஒன்று. ஃபோன், டேப்லெட், கன்சோல் எல்லாவற்றிலும் ஓடும் பெட்ராக் பதிப்பு இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. கீசர் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது. அதோடு ஃப்ளட்கேட்டையும் சேர்த்தால், பெட்ராக் வைத்திருக்கும் பிள்ளைக்குத் தனியாக ஜாவா கணக்கு தேவையில்லை. ஜாவா பக்கம் 25565 டிசிபி போர்ட், பெட்ராக் பக்கம் 19132 யூடிபி போர்ட், இந்த இரண்டு நுழைவாசல்களையும் திறந்துவிட வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டு, ஃபோன் ஏன் சேரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் நிறைய. ஃபோன் வழியாக வருகிறவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி தானாகச் சேரும். ஜாவாவில் அதே பெயரில் யாராவது இருந்தால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக அது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, அது மாதாமாதம் வரும். ஃபோனில் கேம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அன்றைக்கே கீசரும் புதிதாக இல்லையென்றால் ஃபோன் பிள்ளைகள் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். அதனால் ஃபோன்களில் இந்த ஒரு கேமுக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கீசரின் புதிய பதிப்பு வந்து, நான் அதை ஏற்றிய பிறகுதான் வாட்ஸாப் குழுவில், "இப்போ அப்டேட் பண்ணுங்க" என்று போடுவேன்.

எல்லோர் கையிலும் மோட்: ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ், ஃபேப்ரிக்

மோட் லோடர் என்பது கேமையே உள்ளே திறந்து மாற்றுகிற வழி. புதுக் கட்டை, புது உலகம், புது இயந்திரம், எதுவும் சாத்தியம். அதற்கு விலை, சர்வரில் என்ன மோட், எந்தப் பதிப்பு இருக்கிறதோ, அதுவே ஆடுகிற ஒவ்வொருவர் கணினியிலும் இருக்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். கீசரை இங்கேயும் போடலாம்தான், ஆனால் மோட் சேர்க்கும் புதுப் பொருட்களை ஃபோனுக்கு மொழிபெயர்க்க அதற்குத் தெரியாது. அதாவது ஃபோன் பிள்ளைக்கு இந்த வழி அடைத்த வழி.

லோடர்களுக்குள் எது என்பதை நான் பெரிய கேள்வியாக நினைக்கவில்லை. உங்களுக்கு வேண்டிய பெரிய மோட் எதில் இருக்கிறதோ அதுதான் உங்கள் லோடர். ஃபோர்ஜ் மிகப் பழையது. 2023-ல் அதிலிருந்து பிரிந்து வந்தது நியோஃபோர்ஜ். கேமின் 1.20.1 பதிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல, அதற்குப் பிறகு வழி பிரிந்துவிட்டது. 1.20.1 என்றால் ஃபோர்ஜ், 1.21.1 என்றால் நியோஃபோர்ஜ் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ஃபேப்ரிக் எடை குறைந்தது. கேமின் புதிய பதிப்பு வந்தால் சீக்கிரம் தயாராகிவிடும். ஃபேப்ரிக் ஏபிஐ என்பதைத் தனியாக ஒரு மோட் மாதிரி போட வேண்டும். அதை விட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஜாவாவையும் கவனியுங்கள். 1.20.1-க்கு ஜாவா 17, 1.21.1-க்கு ஜாவா 21, பழைய 1.12.2 மோட்பேக்குகளுக்கு ஜாவா 8.

ஃபேப்ரிக்கில் ஒரு நடுவழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. லித்தியம், ஃபெரைட்கோர் போன்ற மோட்களை சர்வரில் மட்டும் போட்டாலே வேலை செய்யும். ஆடுபவர் சாதா கேமோடு வரலாம். லித்தியம் கேமின் நடத்தையை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டுகிறது. அதனால் ரெட்ஸ்டோன் இயந்திரங்கள் எப்படி ஓட வேண்டுமோ அப்படியே ஓடும். ஐந்தாறு பேர், ஒருவரை ஒருவர் நம்புகிறவர்கள், சாதா கேமே போதும், லேக் (கேம் இழுத்து இழுத்து ஓடுவது) மட்டும் இருக்கக்கூடாது என்றால் பேப்பரைவிட இதுதான் பொருத்தம் என்பேன்.

மோட்பேக் ஆசைக்கு முன்னால் எல்லோருடைய லேப்டாப்பின் ராமையும் கேட்டு வாங்குங்கள். பேப்பரில் 10 பேர் ஆட சர்வருக்கு 4 ஜிபி ஒதுக்கினாலே ஓட்டிவிடலாம். 150 மோட் உள்ள பேக்குக்கு சர்வரில் 8 ஜிபிக்குக் குறையாமல் வேண்டும். அதைவிட முக்கியம், ஆடுபவர் பக்கமும் கேமுக்கு மட்டும் 6 ஜிபி அளவுக்குக் கேட்கும். நம் வீடுகளில் பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் படிப்புக்கு வாங்கிய 8 ஜிபி லேப்டாப். விண்டோஸும் திறந்து வைத்த பிரௌசரும் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? எங்கள் சனிக்கிழமையில் இருவர் வெளியே நின்றது இதனால்தான். அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்? தேர்ந்தெடுத்தது நான்.

இரண்டையும் ஒரே சர்வரில் தருகிறோம் என்று சொல்லும் ஹைப்ரிட் சர்வர்களும் உண்டு. பிளகினும் ஓடும், மோடும் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏதாவது உடைந்தால், பிளகின் எழுதியவர் மோடைக் கை காட்டுவார், மோட் எழுதியவர் ஹைப்ரிட்டைக் கை காட்டுவார். பிள்ளைகள் மூன்று மாதம் கட்டிய உலகத்தை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் ஃபோன் என்றால்

குழுவில் ஒருவருக்குக்கூட கணினி இல்லை என்றால் ஜாவா பக்கமே போகத் தேவையில்லை. பெட்ராக்கின் சொந்த சர்வர் மென்பொருளை விண்டோஸிலோ உபுண்டுவிலோ ஓட்டலாம். ஆட்-ஆன்களை (பெட்ராக்கின் மோட் மாதிரி) சர்வரில் வைத்தால், சேரும்போது ஃபோனுக்குத் தானாகவே இறங்கிவிடும். பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஜாவா மோட் அளவுக்கு ஆழம் கிடையாது, கேம் புதுப்பிக்கும்போது ஆட்-ஆன் உடைவதும் உண்டு.

கேமே வாங்க முடியாத வீடுகளுக்கு லுவான்டி இருக்கிறது. 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. இலவசம், திறந்த மூலம். அதில் மோட் முழுக்க சர்வரில்தான் ஓடும். படம், ஒலி எல்லாவற்றையும் சேருகிறவருக்கு சர்வரே அனுப்பிவிடும். பழைய லேப்டாப்பிலும் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் ஓடுகிறது. மோட் நிர்வாகம் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாவற்றையும்விட இது நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. பிள்ளைகள் கேட்பது மைன்கிராஃப்ட் என்ற பெயரை என்பதுதான் சிரமம். ஒரு அரசுப் பள்ளிக் கணினி அறையிலோ நூலகத்திலோ சர்வர் போடுவதாக இருந்தால் நான் இதைத்தான் போடுவேன்.

காசு இல்லாததால் திருட்டு லாஞ்சரில் வரும் பிள்ளைகளுக்காகச் சர்வரில் கணக்குச் சரிபார்ப்பை அணைத்து வைப்பவர்களைப் பார்க்கிறேன். மனது புரிகிறது. ஆனால் அப்படி அணைத்தால், யார் வேண்டுமானாலும் யார் பெயரில் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அட்மின் பெயரிலும்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். சரிபார்ப்பையும் ஒயிட்லிஸ்ட்டையும் (உள்ளே விடலாம் என்ற பெயர்ப் பட்டியல்) போட்டு வையுங்கள். காசு இல்லாத பிள்ளைக்கு லுவான்டி நேர்மையான வழி.

பட்டியலை யார் பார்த்துக்கொள்வது

சரி, லோடரே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். 40 மோட்களை 5 கணினியிலும் சர்வரிலும் ஒரே மாதிரி வைத்திருப்பது எப்படி? மூன்று வழிகளிலும் நான் போயிருக்கிறேன்.

கையால் போடுவது முதல் வழி. ஜார் கோப்புகளைச் சேர்த்து ஒரு ஜிப் செய்து டிரைவில் ஏற்றி, இணைப்பைக் குழுவில் போடுவது. 5 மோட் வரைக்கும் இது போதும், வேறு எதுவும் தேடாதீர்கள். அதற்கு மேல் போனால், "புதுசு எந்த ஜிப்?" என்ற கேள்வி ஓயாது. பழைய ஜார் அழியாமல் புதியது பக்கத்தில் வந்து உட்காரும். ஒரே மோட் இரண்டு பதிப்பு இருந்தால் கேம் திறக்காமல் போகலாம். திரையை அழகாகக் காட்ட மட்டும் இருக்கும் சில மோட்களை அப்படியே சர்வரிலும் கொண்டுபோய்ப் போட்டால், ஃபோர்ஜ் வகை சர்வர் எழாமலே விழுந்துவிடும். சர்வரில் திரை இல்லையே. பெரிய மோட்பேக்குகள் பலவும் சர்வர் பேக் என்று தனிக் கோப்பு தருவது இதற்காகத்தான்.

வாடகை ஹோஸ்டிங்கின் பேனல் (சர்வரை நிர்வகிக்கும் இணையப் பக்கம்) இரண்டாவது வழி. மோட்பேக்கின் பெயரைத் தேடி ஒரு பொத்தானை அழுத்தினால் சர்வர் தயார். முதல் நாள் அருமையாக இருக்கிறது, மறுக்கவே மாட்டேன். லினக்ஸ் தெரியாதவருக்கு இதுதான் நுழைவாயில். ஆனால் அது சர்வர் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறது, பிள்ளைகளின் கணினிகளை அல்ல. நான் எடுத்திருந்த ஒரு பேனலில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும், பழைய மோட்களை நீக்காமல் அதன் மேலேயே புதியவற்றைக் கொட்டிவிட்டது. நான் மாற்றி வைத்திருந்த அமைப்புக் கோப்புகளும் போயின. பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். பேனலில் இருந்தால் புதுப்பிக்கும் பொத்தானை விட்டுவிடுங்கள். புது சர்வர் ஒன்றைப் பக்கத்தில் எழுப்பி, உலகத்தை அதற்கு நகல் எடுத்துச் சோதித்த பிறகு மாறுங்கள்.

மூன்றாவது பேக்விஸ், மோட் பட்டியலைப் பராமரிக்கும் ஒரு கட்டளை வரிக் கருவி. இதில்தான் நான் நின்றுவிட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேக்விஸ் ஜார் கோப்புகளைச் சுமப்பதில்லை. ஒவ்வொரு மோடுக்கும் ஒரு சின்ன உரைக் கோப்பு; எங்கிருந்து இறக்குவது, கோப்பின் ஹேஷ் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் அடையாள எண்) என்ன, சர்வருக்கா, ஆடுபவருக்கா, இருவருக்குமா என்பது அதில் இருக்கும். இந்த உரைக் கோப்புகளை கிட்ஹப் பேஜஸ் மாதிரி ஏதாவது ஒரு இலவச இடத்தில் வைத்துவிடலாம். பிள்ளைகள் பிரிசம் லாஞ்சர் வழியாக கேமைத் திறக்கிறார்கள். திறப்பதற்கு முன் ஓட வேண்டிய கட்டளை என்று ஒரு இடம் அதில் உண்டு. பேக்விஸின் நிறுவியை அங்கே ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை கேம் திறக்கும்போதும் அது பட்டியலைப் பார்க்கும். புதியதை இறக்கும், நான் நீக்கியதை நீக்கும். சர்வரும் அதே பட்டியலைப் படிக்கிறது, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நான் ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

ஆரம்ப வேலை உண்டு. நங்கநல்லூரிலிருந்து அம்பத்தூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் இரண்டு லேப்டாப்பில் அமைத்துக் கொடுத்தேன்; மற்றவர்களுக்கு வீடியோ காலில். கட்டளை வரி தெரியாதவருக்கு முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும். மோட்கள் கிடைக்கும் தளமான கர்ஸ்ஃபோர்ஜில் உள்ள சில மோட்களை வெளியிலிருந்து இறக்க எழுதியவர்கள் அனுமதிப்பதில்லை. அவற்றைக் கையால்தான் இறக்க வேண்டும். அதனால் மாட்ரிந்த் என்ற இன்னொரு தளத்தில் கிடைப்பதை அங்கிருந்தே எடுக்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு, "எனக்கு மட்டும் உள்ளே போகலை" என்று ஒரு ஃபோன்கூட வரவில்லை. அதோடு பட்டியல் கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் கருவி) இருப்பதால், எந்தத் தேதியில் எதைச் சேர்த்த பிறகு சர்வர் கெட்டது என்று திரும்பிப் பார்க்கவும் முடிகிறது.

எந்த வழியில் போனாலும் பயப்பட வேண்டியது புதுப்பிப்புக்கும் நீக்கத்துக்கும்தான். ஒரு மோடை எடுத்துவிட்டு உலகத்தைத் திறந்தால், அந்த மோடின் கட்டைகள் இருந்த இடம் வெறும் காற்றாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால், மோடைத் திரும்பப் போட்டாலும் அவை வராது. சேர்ப்பது சுலபம், எடுப்பது கடினம் என்பதால், புது மோடை முதலில் நகல் உலகத்தில்தான் ஏற்றுகிறேன். உலகத்தின் பேக்கப் தினமும் ராத்திரி 3 மணிக்குத் தானாக வேறு இயந்திரத்துக்குப் போகிறது. அதே இயந்திரத்தில் இருக்கும் நகலை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மோட் என்பது உங்கள் பிள்ளையின் கணினியில் ஓடும் முழு நிரல். 2023 ஜூனில் ஃப்ராக்ச்சரைசர் என்ற வைரஸ் கர்ஸ்ஃபோர்ஜிலும் புக்கிட் தளத்திலும் இருந்த மோட்களிலும் பிளகின்களிலும் புகுந்தது. கணினியில் உள்ள மற்ற ஜார் கோப்புகளுக்கும் பரவி, பிரௌசரில் சேமித்த கணக்கு விவரங்களைத் திருடும் வகை அது. அதற்கு முன் 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் தொகுப்பில் வந்த ஓட்டை. சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வரைப் பிடித்துவிடலாம் என்ற நிலை, மைன்கிராஃப்ட் 1.18.1-ல்தான் அது சரி செய்யப்பட்டது. பழைய மோட்பேக்கைத் தூசி தட்டி எடுப்பவர்கள் அதற்கான திருத்தம் இருக்கிறதா என்று பார்க்காமல் இணையத்தில் திறக்கக்கூடாது. வெளியான அன்றே எதையும் ஏற்றாமல் ஒரு வாரம் பொறுக்கிறேன். 150 மோட் பேக்கை விட்டு 40-க்கு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு மோடும் நாம் நம்பிக் கதவு திறந்துவிடும் ஒரு ஆள்.

வீட்டிலா, வாடகைக்கா

ரிச்சி தெருவில் பழைய ஆபீஸ் கணினி ஒன்றை வாங்கி வீட்டிலேயே ஓட்டலாமே என்பது சென்னையில் எல்லோருக்கும் வரும் யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 வாட் இழுக்கும் கணினி 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 86 யூனிட். வீடுகளுக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே எடுத்துக்கொள்ளும், வீட்டின் மற்ற செலவு மேல் படிக்குப் போகும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் கேள்வி. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைப்போம். அதை யூபிஎஸ் நிலையில் வைக்காவிட்டால், மாறுகிற நொடியில் கணினி அணைந்து எழும். உலகத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் கோப்பு கெடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பெருங்குடிப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இன்னொரு தடை, பல வீட்டு இணைப்புகளில் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி. மோடத்தில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. இதைத் தாண்டி உள்ளே வர டெயில்ஸ்கேல், பிளேஇட் மாதிரி சுரங்கவழிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கொஞ்சம் வேலை உண்டு.

வாடகைக்கு என்றால் இடத்தைக் கேட்டு எடுங்கள். அசூருக்கும் அகமாயின் லினோடுக்கும் சென்னையிலேயே டேட்டா சென்டர் இருக்கிறது. டிஜிட்டல் ஓஷன் பெங்களூரில், ஏடபிள்யூஎஸ் மும்பையிலும் ஐதராபாத்திலும். கேம் ஹோஸ்டிங் கடைகள் பலவும் சிங்கப்பூரைத் தரும். கடலடிக் கேபிளில் ஒரு வழிக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பதால், போய்வர 30 மில்லி செகண்டுக்குக் கீழே வராது. கட்டுவதற்கும் தோண்டுவதற்கும் அது ஒரு பொருட்டே இல்லை. அதைவிட முக்கியம் சிபியு. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 தடவை உலகத்தை நகர்த்துகிறது, ஒவ்வொன்றுக்கும் 50 மில்லி செகண்ட்தான் நேரம். அந்த வேலையில் பெரும்பகுதி ஒரே கோரில் நடப்பதால், 8 மெதுவான கோர்களைவிட 2 வேகமான கோர்கள் மேல். லேக் வந்தால் ராமைக் கூட்டுவதற்கு முன் ஸ்பார்க் என்ற அளவிடும் கருவியைப் போட்டு எந்த மோட் நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். எங்கள் உலகில் ஒரு மாட்டுப் பண்ணைதான் காரணம், 300 மாடுகள்.

எங்களிடம் இப்போது இரண்டு சர்வர்கள் வாடகை இயந்திரம் ஒன்றிலேயே ஓடுகின்றன. 11 பேருக்கும் பேப்பரும் கீசரும். கணினி வைத்திருக்கும் ஐந்து பெரிய பிள்ளைகளுக்குத் தனியாக நியோஃபோர்ஜ் 1.21.1, பேக்விஸ் பட்டியலில் 40 மோட். அரையாண்டுத் தேர்வு முடிகிறவரை அந்தப் பட்டியலைத் தொடமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சர்வர்தான் நடத்த முடியும் என்ற நிலை வந்தால் இரண்டாவதை நிறுத்துவேன், முதலாவதை அல்ல. பெரிய பிள்ளைகளும் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள். அவர்களில் இருவர் இப்போது முதல் சர்வரில் தாம்பரம் ரயில் நிலையம் கட்ட உதவிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுவது சித்தி பையன். எட்டு பிளாட்பாரம் வேண்டுமாம், நாலு முடிந்திருக்கிறது. சனிக்கிழமை 5 மணிக்கு முன்பே அம்மாவின் ஃபோனில் வந்துவிடுகிறான். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தால், புள்ளி வைத்த அவன் பெயர்தான் முதலில் இருக்கிறது.